லெட்சுமிக்காக நான் கேட்ட விடுப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தேன். பிரசவ விடுப்பில் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அன்று பள்ளியைக் கூட்டிக்கொண்டிருந்தது வழக்கமாகக் கூட்டும் லெட்சுமி இல்லை, அவள் தங்கச்சி.

"அக்காவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. அவ பேர்லதான் நான் கூட்டுறேன். நாள் சம்பளம் லா, வரலன்னா கண்ட்ராக்டர் வேற ஆள் போட்டுருவாரு," என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. லெட்சுமியை ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று கல்வி இலாகாவுக்குக் கடிதம் எழுதினேன். பரிதாபம் வரட்டும் என்று தங்கச்சி வருவதையும் சேர்த்தே எழுதினேன்.

இலாகா அந்தக் கடிதத்தைக் கண்ட்ராக்டருக்கே அனுப்பிவிட்டது. மறுவாரம் புதிதாக ஒருத்தி கூட்டினாள்.

லெட்சுமி கைக்குழந்தையோடு வந்தாள். சண்டை போடவில்லை. "எங்கிட்ட கேட்டிருக்கலாம்லக்கா. இன்னும் ரெண்டு வாரத்துல நானே வந்திருப்பேன்," என்றாள்.

அவள் போன பிறகு வேலை ஓடவில்லை. தலைவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு மதியமே வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த அரை நாளுக்கும் எனக்குச் சம்பளம் வந்தது.