உணவறைச் சுவருக்குள் பத்தொன்பது படிகள்

நான் இங்கிலாந்துக்குப் போனதில்லை. போகவேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த நாட்டின் கிராமப்புறத்தில், ஓர் ஏரியைப் பார்த்து நிற்கும் ஒரு பெரிய வீட்டில் எந்தச் சுவர் எவ்வளவு கனம், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஜன்னல் பக்கத்து ஜன்னலைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். துபாயில் ஒரு கட்டட நிறுவனத்தின் நான்காவது மாடியில், ஏசி நேராக உச்சந்தலையில் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்து எட்டு மாதம் அந்த வீட்டை வரைந்தவள் நான்.

அங்கே இரண்டு பேர் வீடு முழுக்க லேசர் கருவியை வைத்து அளந்து, எல்லாவற்றையும் கோடிக்கணக்கான புள்ளிகளாக அனுப்பிவிடுவார்கள். அந்தப் புள்ளிகளின்மேல் கோடு போட்டு வரைபடம் ஆக்குவது என் வேலை. திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் முடித்தவளிடம் ஒரு வெள்ளைக்கார ஜமீன் மாளிகை வந்து சேர்ந்தது இப்படித்தான். அந்த வீட்டில் ஒரு மூலைகூட மூலைமட்டத்துக்குப் பொருந்தாது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கோணல் சுவரைச் சத்தமில்லாமல் நேராக்கி வரைந்துவிடுவார்கள். வேலையும் சீக்கிரம் முடியும், படமும் லட்சணமாக இருக்கும். எனக்கு அது ஆகாது. கோணலாக இருந்தால் கோணலாகத்தான் வரைவேன். அலுவலகத்தில் எனக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். அதை நான் மறுத்ததில்லை.

புள்ளிகளோடு வீட்டின் வரலாறும் இரண்டு பக்கத்தில் வந்தது. முதல் தாளில் அச்சிட வேண்டுமாம். படித்துப் பார்த்தேன். வீட்டைக் கட்டியவர் ஒரு கம்பளி வியாபாரி. அவருடைய பேரன் சீட்டாடியே பாதி நிலத்தைத் தொலைத்தான். மீதியை வீட்டோடு சேர்த்து வாங்கியவர், நம் சென்னைப் பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கீழைநாட்டில் பெருஞ்செல்வம் ஈட்டினார் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எப்படி ஈட்டினாராம், கடற்கரையில் மூட்டை தூக்கியா? அவர்தான் பெரிய உணவறையைச் சேர்த்துக் கட்டியவர். அவருடைய மகன் குதிரையிலிருந்து விழுந்து செத்தான். மருமகள் கறுப்பு உடையைக் கழற்றாமல் தள்ளாத வயதுவரை அங்கேயே இருந்தாள். பிறகு போர்க்காலத்து ஆஸ்பத்திரி, பிறகு பள்ளிக்கூடம், பிறகு திவாலாகிப்போன ஓர் ஓட்டல்காரர். கடைசியாக எங்கள் வாடிக்கையாளர். வளைகுடாவில் வியாபாரம் செய்து பெரிய ஆளான தமிழர். சென்னையில் சுருட்டிய பணத்தில் ஒருவர் வாங்கிய வீட்டை நம்மூர்க்காரர் ஒருவர் வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் குஷிதான், அதை ஏன் மறைக்கவேண்டும்?

இத்தனை பேர் இருந்த வரிசையில் அந்த வீட்டைக் கூட்டியவர், சமைத்தவர், வெந்நீர் சுமந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. முதல் தடவை படித்தபோது எனக்கும் அது உறைக்கவில்லை.

உணவறைக்கும் பக்கத்து நூலக அறைக்கும் நடுவிலிருந்த சுவர் ஐந்தடி கனம் காட்டியது. கோட்டையா கட்டினான் என்று எரிச்சலோடு புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவருக்குள் இடைவெளி இருந்தது. அளந்தவர்களில் யாரோ ஒரு புண்ணியவான், மரப்பலகைக்குள் மறைந்திருந்த சின்னக் கதவைத் திறந்து கருவியை உள்ளேயும் வைத்திருக்கிறார். உள்ளே இரண்டடி அகலத்துக்கு ஒரு நடை. அதன் முடிவில், அடித்தளச் சமையலறைக்கு இறங்கும் பத்தொன்பது கல் படிகள். ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் வந்துபோக, சுவருக்குள்ளேயே விட்ட வழி. குழியோடு சேர்த்து வரைந்தேன். மேலிருந்து பார்க்கும் தளப்படத்திலும் போட்டேன், வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்திலும் போட்டேன்.

எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சென்னைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். தளப்படத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், அந்த கேப்பை ஃபில் பண்ணி சாலிட் வாலா காட்டிடுங்க."

"சுவரு சாலிடா இல்லையே சார்."

"தெரியும். கிளையண்ட் அங்கதான் லிஃப்ட் வைக்கணும்ங்கறார். அவங்க அம்மாவுக்கு. பழைய படிக்கட்டுன்னு தெரிஞ்சா அந்த ஊர் கவுன்சில் இடிக்க பர்மிஷன் தராது. வெறும் சுவர்னா தந்துடும். சிம்பிள் மேட்டர்."

"முற்றத்துப் பக்கம் லிஃப்டுக்கு எடம் இருக்கு சார். நான் வேணா வரஞ்சு காட்டறேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. இறங்கி வருகிறவர் போல ஒரு வழி சொன்னார்.

"சரி, சாலிட் வேண்டாம். படியை மட்டும் எடுத்துட்டு ஸ்டோர்னு போட்டுடுங்க."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை பணிந்து போயிருப்பேன்.

என் மகள் பிறந்த சமயத்தில் நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். ஒரு வில்லாவைத் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது சமையலறைக்குப் பின்னால் இருந்த பணிப்பெண் அறை. ஜன்னல் கிடையாது. பத்தடிக்கு ஏழடி. என் கணவர் காலை நீட்டினால் பாதம் கதவில் இடிக்கும். மேலே போன குழாயில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தேன். ஒரு மத்தியானம் சோதனைக்கு வந்த அதிகாரி கையில் அந்த வில்லாவின் வரைபடம் இருந்தது. தூங்குகிற குழந்தையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யே ஸ்டோர் ஹை, பெஹன்" என்றார். இது சாமான் வைக்கும் ஸ்டோர் தங்கச்சி, இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கிவிட்டுப் படத்தையும் காட்டினார். என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஸ்டோர் என்று அச்சிட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் சாமான்களோடு வாசலில் நின்றோம்.

அந்த அதிகாரிமேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவர் படத்தில் இருந்ததைப் படித்தார். கட்டும்போதே அது ஆள் தங்கும் அறைதான், சுவரில் துணி மாட்டும் ஆணியும் பதித்த அலமாரியும் அதைச் சொல்லும். அதற்கு ஸ்டோர் என்று பெயர் எழுதியவன்மேல்தான் எனக்கு ஆத்திரம். அவனும் என்னைப் போல எங்கேயோ ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, மேலே யாரோ சொன்னார் என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

"ஸ்டோர்னு போடமாட்டேன் சார்," என்றேன்.

"என்ன மேடம், ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான். போடமாட்டேன்."

"உங்க விசா ரின்யூவல் வருது. அதையும் யோசிங்க."

மிரட்டத் தேவையே இல்லை, எனக்கு அது நன்றாகத் தெரியும். என் கணவருக்கு வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அவர், மகள், நான் மூவருமே என் வேலையின் பேரில்தான் அந்த நாட்டில் இருந்தோம். ஆனாலும் வாயிலிருந்து வந்தது வேறு.

"யோசிச்சுட்டேன் சார். கலாஸ், முடிஞ்சு போச்சு."

பக்கத்து மேசையில் நாகர்கோவில்காரர் ஒருவர், எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. மேனேஜர் போனதும் என்னிடம் குனிந்தார்.

"நமக்கு எதுக்கு பிள்ளே இந்தப் பொல்லாப்பு? சொன்னத வரஞ்சிட்டுப் போவியா, அத விட்டுட்டு..."

வீட்டில் சொன்னபோது என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உனக்கு ஏன் இவ்வளவு வீம்பு?" என்று மட்டும் கேட்டார். பயத்தில்தான் கேட்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதனால் என்ன, பயந்துகொண்டே வீம்பு பிடிக்கக் கூடாதா?

மறுநாள் அந்த வீட்டை என்னிடமிருந்து பிடுங்கி அண்ணாச்சியிடம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு ஷாப்பிங் மாலின் கார் பார்க்கிங். கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தளப்படத்தில் படிகளை அழித்து ஸ்டோர் என்று எழுதினார். தாளின் அடியில் வரைந்தவர் பெயருக்கான கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளை எடுத்துவிட்டு அவருடையதைப் போட்டார். அச்சாகி வந்த தாள்களை எடுக்கப் போனபோது நான் ஒன்று கவனித்தேன். வெட்டிக் காட்டும் படத்தை யாரும் தொடவில்லை. ஒரு தாளில் அது ஸ்டோர். இன்னொரு தாளில் அதே ஸ்டோருக்குள் நான் வரைந்த பத்தொன்பது படிகள், குழியும் தேய்மானமுமாக. தாள்களை அடுக்கி அண்ணாச்சி மேசையில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் என் பார்க்கிங்குக்குத் திரும்பினேன். சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை.

தாள்களை அனுப்பிய ஐந்தாவது வாரம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஸ்டோர் அறைக்குள் தேய்ந்த படிக்கட்டு எதற்கு என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டை வாங்கிய வாடிக்கையாளரே அலுவலகத்துக்கு வந்தார். சாதாரணச் சட்டை, சாதாரணச் செருப்பு. மேனேஜர் முகம் கொடுக்காமல் என்னைக் கூப்பிட்டார். வாடிக்கையாளர் படத்தில் இருந்த படியின்மேல் விரலை வைத்துக் கேட்டார்.

"ஏம்மா, இது என்ன எடம்?"

"ஆளுங்க நடந்த எடம் சார். கீழருந்து சோறு தூக்கிட்டு வருவாங்க."

"ஸ்டோர்னு போட்டா என்ன ஆயிடும்?"

"அப்படி யாரும் நடக்கவே இல்லைன்னு ஆயிரும் சார்."

அவர் மனம் இளகினார் என்று கதை விடமாட்டேன். புளுகு பிடிபட்டால் மொத்த அனுமதியும் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

"லிஃப்ட வேற எங்க வைக்கலாம்?" என்றார்.

முற்றத்துப் பக்கத்துப் படம் என்னிடம் தயாராக இருந்தது. பார்க்கிங் கோடு போட்ட நாட்களில் அதையும் வரைந்து வைத்திருந்தேன். ஒரு தடவை பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், சரி என்றார். படி தப்பித்தது. என் வேலையும் தப்பித்தது, மேனேஜரின் புன்னகை மட்டும் திரும்பவில்லை.

திருத்திய தாள் கையெழுத்துக்கு வந்தபோது, வரைந்தவர் கட்டத்தில் என் எழுத்துகளைத் திரும்பப் போட்டால்தான் ஆயிற்று என்று நின்றேன். போட்டார்கள். அன்று மத்தியானம் புதிதாக ஒரு தாளைத் திறந்து ஷார்ஜா அறையை வரைந்தேன். பத்தடி, ஏழடி, ஆணி, அலமாரி, குழாயில் தொங்கும் சேலைத் தொட்டில். அறையின் பெயர் எழுதும் இடத்தில் வீடு என்று எழுதினேன். எல்லோரும் பார்க்க, அலுவலகத்தின் பெரிய பிரிண்டரிலேயே அச்செடுத்தேன்.

"இது எந்த புராஜெக்ட்டு பிள்ளே?" என்றார் அண்ணாச்சி.

"என்னோடது அண்ணாச்சி."

அவர் படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, சுருட்டி வைக்க ரப்பர் பேண்ட் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அதை மேசையில் விரித்தேன். மகள் தொட்டிலைக் கண்டுபிடித்து, "அம்மா, இஸ் தட் மீ?" என்றாள். என் கணவர் கதவு வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"கதவு தப்பு. அது வெளிப்பக்கமாத்தான் தொறக்கும். உள்ள தொறந்தா கட்டில்ல இடிக்கும்ல?"

அவர் சொன்னது சரி. மறுநாள் கதவை மாற்றி, திருத்தம் ஒன்று என்று குறித்து, வேறு தாள் எடுத்துவந்தேன். மாட்டுவதற்கு முன் அவர் கீழே கட்டங்களைப் படித்தார்.

"நாம வாடகைக்குத்தான இருந்தோம்? உரிமையாளர்ங்கிற எடத்துல நம்ம மூணு பேர் பேரையும் போட்டிருக்க?"

"ஆமா."

"அதையும் திருத்திடு."

"அத மட்டும் திருத்தமாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஆணியை அடித்தேன்.