சித்ராதேவியின் புரொஜெக்ஷன்

திருப்பூரில் ‘புரொஜெக்ஷன்’ என்ற சொல்லை நம்பி உருப்பட்டவன் கிடையாது. அடுத்த சீசனுக்கு இத்தனை ஆயிரம் பனியன் எடுப்போம் என்று வெளிநாட்டுக்காரன் முன்கூட்டியே அனுப்பும் உத்தேசக் கணக்குக்கு அந்தப் பெயர். ஆர்டர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பதினெட்டு வருடம் செக்கிங் மேசை முன் நின்று துணியில் ஓட்டை தேடிய சித்ராதேவிக்கு இது தெரியாதா?

மண்ணரைப் பகுதியில் ஒற்றை அறை வீடு. கணவன் அருள்செல்வன் கொத்தனார். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு அடிவயிறு உப்பி வலித்தது. ஸ்கேன் எடுத்தவர்கள், ரிப்போர்ட்டோடு மறுநாளே, ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். மறுநாள் கம்பெனியில் சரக்கு ஏற்றும் நாள். லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். ரிப்போர்ட்டில் அவளுக்குப் பழகிய இங்கிலீஷ் சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புரொடக்ஷன் மேனேஜர் தரணீதரனிடம் கொண்டுபோனாள்.

“ஏனுங்க தம்பி, சினைப்பையில கட்டின்னாங்க. இதுல புரொஜெக்ஷன்னு போட்டிருக்குதுங்களே?”

அவன் காதில் போனை வைத்தபடியே எட்டிப் பார்த்தான். “புரொஜெக்ஷன்தானுங்க்கா? அப்ப இன்னும் கன்ஃபார்ம் ஆகலைங்க. வந்தாலும் வரும், வராமயும் போகும். பயப்படாதீங்க.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரிப்போர்ட்டை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. வலித்தபோதெல்லாம் வெந்தயத்தை விழுங்கிக்கொண்டு ஏழு மாதம் வேலைக்குப் போனாள்.

ஒரு விடியற்காலை எழுந்திருக்கவே முடியவில்லை. அப்போதுதான் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

“அப்பவே ஏம்மா வரல?”

“புரொஜெக்ஷன்னுதானுங்க போட்டிருந்துச்சு.”

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. கட்டிக்குள் முளை முளையாக நீட்டிக்கொண்டிருந்ததைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள் என்றார். அது புற்று, இப்போது வயிறு முழுக்கப் பரவிவிட்டது.

அருள்செல்வன் தலையில் அடித்துக்கொண்டான். “சன்னலுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற சிலாப்பை நாங்க புரொஜெக்ஷன்னுதானே புள்ள சொல்லுவோம்! அர்த்தம் ஊட்டுலயே இருந்துச்சே. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

இங்கிலீஷ் காகிதத்தைக் கொத்தனாரிடம் யார் காட்டுவார்கள்? பாழாய்ப்போன அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்த வாரம் தரணீதரன் போன் செய்தான். “அக்கா, குளிர்கால புரொஜெக்ஷன் ஆர்டராயிருச்சுங்க. எப்ப வேலைக்கு வர்றீங்க?”

“எனக்கும் ஆர்டர் வந்துருச்சுங்க தம்பி.”

அவன் நல்ல ஆளைக் கைநழுவ விட்டவனின் வருத்தத்தோடு கேட்டான்: “எந்தக் கம்பெனிங்க்கா?”