வெள்ளிக்கிழமை வந்த வரிப்பணம்

குருபரப்பள்ளி சம்பங்கியைப் போல ஒரு பிடிவாதக்காரனை என் உத்தியோக காலத்தில் நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் ஆசை இல்லை. ஐம்பத்தாறாம் வருஷம். கிருஷ்ணகிரி தாலுக்கா கஜானாவில் நான் குமாஸ்தா. சம்பங்கி ரோட்டோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, பெங்களூர் போகிற லாரிக்காரர்களுக்கு டீயும் ராகிக் களியும் விற்றுக்கொண்டிருந்தான். டீ அவன் பொறுப்பு, களி அவன் பெண்சாதி வெங்கடம்மாள் பொறுப்பு. பிள்ளைகுட்டி இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு விற்பனை வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கேயோ ஒரு பெரிய ஓட்டலின் வியாபாரத்தை யாரோ இவன் பேரில் எழுதித் தொலைத்துவிட்டார்கள். முறையிட்டதற்கு, முதலில் கட்டு, பிறகு அப்பீல் செய் என்று பதில் வந்தது. கட்ட அவனிடம் என்ன இருந்தது? வெங்கடம்மாள் கழுத்திலிருந்த தங்கத் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு மஞ்சள் கொம்பைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டாள். தாலி கிருஷ்ணகிரி கடைவீதியில் அடகுக்குப் போயிற்று.

அப்பீல் ஜெயித்தது. எண்பத்தாறு ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவுச் சீட்டு தபாலில் வந்தது. அந்த மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் தாலி மூழ்கிவிடும். மகாலட்சுமி வீட்டுக்கு வர நல்ல நாள் என்று ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்த்து, இரண்டு பேரும் தலைக்குக் குளித்து, தெரிந்த லாரி ஒன்றில் ஏறி வந்து என் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள்.

சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினான். மூலையில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"இது பாங்கிக் கணக்குலதான் சேரும். உனக்குப் பாங்கியில கணக்கு இருக்குதா?"

"பாங்கியில எனக்கு இன்னா சாமி வேல? வூட்டுல உண்டியலே இல்ல."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவள் கழுத்துக் கயிறும் கண்ணில் பட்டது. வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்ட வரி அதிகாரி மாதம் ஒருமுறை முகாம் வருவார். அன்றைக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தார். அவர் அந்தக் கோட்டை ரத்து செய்து கொடுத்தால் ரொக்கமாகவே தரலாம். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த முகாம் அடுத்த மாதம்தான்.

"சீட்ட இப்பிடிக் குடு. நானே போய் வாங்கியாறேன்."

சம்பங்கி சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். "குடுக்க மாட்டன் சாமி. வெள்ளிக்கெழம. லட்சுமிய கையிலருந்து வெளிய குடுக்கக் கூடாது. பணத்த முன்ன குடுங்க. அப்பறம் அது வெறும் பேப்பரு, தாராளமா எடுத்துக்குங்க."

"சரி, நீயே போய் அதிகாரிகிட்ட நீட்டு."

"நீட்டறன். எங்கையில இருக்கக்குள்ளயே அவரு கையெழுத்துப் போடட்டும்."

எந்த அதிகாரி அப்படிக் கையெழுத்துப் போடுவார்? வெங்கடம்மாள்தான் விளக்கினாள். வெள்ளிக்கிழமையில் யாராவது பீடிக்கு நெருப்புக் கேட்டால்கூட அடுப்பண்டை வந்து பற்றவைத்துக்கொள்ளச் சொல்வானாம்; கொள்ளியை எடுத்துக் கொடுக்க மாட்டானாம். சில்லறை பாக்கியெல்லாம் சனிக்கிழமைதான். லாரிக்காரர்கள் கிண்டல் செய்து ஓய்ந்துவிட்டார்களாம்.

மணி பதினொன்றரை. நான் கத்தினேன். கஜானாக் காவல்காரர் எட்டிப் பார்த்தார். சம்பங்கி கோபப்படவில்லை.

"அன்னிக்கி இவ தாலியக் கழட்டுனதும் வெள்ளிக்கெழமதான் சாமி. வரி கட்டக் கடசி நாளுன்னாங்க, வேற வழி தெரியாம குடுத்தன். அன்னிக்கிப் போனது இன்னும் வூடு திரும்பல."

கத்துவதை விட்டேன். சட்டைப் பையைத் துழாவி ஒரு நாலணாவை எடுத்து வெங்கடம்மாள் கையில் வைத்தேன். "இந்தா, லட்சுமி உள்ள வந்துட்டா. வந்தப்பறம் போனா தப்பில்ல. இப்ப சீட்டக் குடு." சம்பங்கி அந்தக் காசை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சீட்டை இரண்டு கையாலும் ஏந்தி, பிள்ளையைக் கொடுப்பதுபோல என்னிடம் கொடுத்தான்.

ஓடினேன். என் வயசுக்கும் தொப்பைக்கும் அது ஓட்டம்தான். அதிகாரி ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். அப்படியே நின்று கையெழுத்துப் போட்டார். ரெவின்யூ ஸ்டாம்புக்கு ஓர் அணா கேட்டால் மறுபடியும் வெள்ளிக்கிழமைக் கதை வருமென்று நானே வாங்கி ஒட்டினேன். சம்பங்கி கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டான்.

"அந்த நாலணா நாளைக்கி வந்து குடுத்துடறன் சாமி. இன்னிக்கி குடுக்கக் கூடாது."

"நீ குடுக்கவே வேணாம், போய்ட்டு வா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாப்பாட்டுக்குக் கடைவீதி வழியாகப் போகும்போது பார்க்கிறேன், இரண்டு பேரும் அடகுக்கடை வாசலில் நிற்கிறார்கள். வெங்கடம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழமைங்க. மாசம் முடிய இன்னும் நாளு கெடக்குது. நாளைக்கி சனி, தாலிக்கு ஆவாது. திங்கக்கெழம வந்து மூட்டுக்கலாம்."

அவன் காதில் வாங்காமல் நோட்டுகளைக் கடைக்காரர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். எனக்குக் குறும்பு போகவில்லை. கிட்டே போய்க் கேட்டேன்.

"என்ன சம்பங்கி, லட்சுமிய வெளிய குடுக்கறே?"

"ஒன்ற வருசமா இந்தக் கயித்தப் பாத்துக்கினு இருக்கறன் சாமி. திங்கக்கெழம வரிக்கும் காத்துக்கினு இருக்க என்னால ஆவாது. லட்சுமி கோவிச்சிக்கினா நான் சமாதானம் சொல்லிக்கறன்."

வெங்கடம்மாள் இழுப்பதை விட்டுவிட்டாள். ஆனால் சட்டையைப் பிடித்த கை அங்கேயே இருந்தது.