மூன்று வோல்ட்டும் கனி பாயின் ஜிபிஎஸ்ஸும்

1. டேப் ஒட்டிய திரை

கனி பாய் கடைக்குள் வந்தபோது, துண்டில் சுற்றிய ஒன்றைக் கைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். பெரியபட்டினத்துக்காரர், சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். மேசைமேல் துண்டைப் பிரித்தார். உள்ளே கைக்கு அடக்கமான ஒரு ஜிபிஎஸ்.

"யக்கா, இதுக்கு உசுரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வெளியே ரபீக் நின்றுகொண்டு என் கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவன்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கனி பாயின் தங்கை மாப்பிள்ளை. சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவன். இப்போது ஊரிலேயே ஏசி வேலை, மிச்ச நேரமெல்லாம் எலக்ட்ரானிக்ஸ். எனக்கு வாடிக்கைக்காரன். அவன் உள்ளே வரவில்லை என்றதுமே, பெட்டியைக் கெடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது.

ராமநாதபுரத்தில் இந்த எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையைத் தொடங்குமுன் நான் ராமேஸ்வரத்தில் படகு வயர்லெஸ் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். அதனால் கனி பாயின் முகம் ஏன் அப்படி இருந்தது என்று புரிந்தது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டை 'பார்' என்பார்கள். வலையைக் கிழித்துக்கொண்டும் டீசலைக் கொட்டியும் கண்டுபிடித்த ஒவ்வொரு பாரையும் ஜிபிஎஸ்ஸில் ஒரு பாயிண்டாகப் போட்டு வைப்பார்கள். அதைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டார்கள். காப்பியும் எடுக்கமாட்டார்கள். எடுத்துக் கொடுப்பவன் தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டால் என்ன செய்வது? ஆகவே கனி பாயின் மொத்தப் பிழைப்பும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் அவர் தடுத்தார். என் மேசையிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, திரை முழுக்க ஒட்டினார்.

"தப்பா நெனக்காதீங்க. உசுரு வந்தா பாயிண்டு தெரியும்ல."

எனக்குச் சுருக்கென்றது. கடலில் கால் நனைக்கவே யோசிக்கிறவள் நான். அந்த பாயிண்டுகளை வைத்துக்கொண்டு ஊறுகாயா போடப்போகிறேன்? ஆனாலும் கடைக்கு மற்ற வள்ளக்காரர்களும் வருகிறார்கள், அவர் பயம் அவருக்கு.

2. ரோஸ் கலர்

"தம்பி, உள்ள வா. என்னத்த மாட்டுனியோ அதையும் கொண்டா" என்றேன்.

ரபீக் பையிலிருந்து எடுத்து வைத்தான். பக் மாட்யூல். தீப்பெட்டியைவிடச் சிறிய போர்டு. வள்ளத்து பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை நமக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும். இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு என்று என்னிடம் அதிகம் வாங்குவது இதைத்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கனி பாயின் ஜிபிஎஸ் இரண்டு பென்சில் பேட்டரியில், அதாவது மூன்று வோல்ட்டில், ஓடுவது. நடுக்கடலில் பேட்டரி தீர்ந்து தொல்லையாக இருந்திருக்கிறது. ரபீக் இரண்டு மரத்துண்டுகளைப் பென்சில் பேட்டரி அளவுக்குச் சீவி, முனையில் தகடு வைத்து, வயர் இழுத்து, டம்மி பேட்டரி செய்திருக்கிறான். மாட்யூலை மூன்று வோல்ட்டுக்குத் திருகி, மீட்டரில் பார்த்த பிறகே மாட்டியிருக்கிறான். இதுவரை எல்லாம் சரி. வேலை சுத்தமாக இருந்தது.

ஆனால் போர்டு முழுக்க ரோஸ் கலரில் பளபளத்தது.

"இது என்னடா?"

"நெயில் பாலீஷ்க்கா. உப்புக்காத்துக்குப் போர்டு பச்சை புடிக்கும்ல. வீடியோவுல அடிக்கச் சொன்னாங்க."

"ஒங்க வீட்டுலதான் யாரும் நெயில் பாலீஷ் போடமாட்டாங்களே. தொழுகைக்கு ஒளு செய்யும்போது தண்ணி நகத்துல படணும்னு சொல்லுவாங்க."

"அதான் ஃபேன்சி ஸ்டோர்ல வாங்குனேன். சட்டைப் பையில பாத்துட்டு, எவளுக்குன்னு கேட்டு வீட்டுக்காரி ரெண்டு நாளா பேசல."

கனி பாய் சிரிக்கவில்லை. "தங்கச்சி மூஞ்சிக்காகத்தான் நானும் பேசாம இருக்கேன். நடுக்கடல்ல கருகுன வாடை வருது, பாத்தா பொட்டி இருண்டு கெடக்கு. வேற வள்ளத்துக்குப் பின்னாடி வாலப் புடிச்சிக்கிட்டு கரைக்கு வந்தேன்."

மாட்யூலை மேசையிலிருந்த பன்னிரண்டு வோல்ட் சப்ளையில் மாட்டி மீட்டர் வைத்தேன். மூன்று காட்டியது. விரலால் போர்டைச் சுண்டினேன். பன்னிரண்டுக்குத் தாவியது. இன்னொரு சுண்டல், மறுபடி மூன்று.

வில்லங்கம் போர்டின் ஓரத்தில் இருந்த குட்டி நீலப் பெட்டியில்தான். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்க, தலையில் பித்தளைத் திருகு வைத்த ப்ரீசெட். திருகுக்குள் பாலீஷ் இறங்கி, உள்ளே நகரும் கம்பிக்கும் தடத்துக்கும் நடுவில் காய்ந்திருக்கிறது. எஞ்சின் அதிர்வில் கம்பி தூக்கிக்கொள்ளும். அப்போது வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஐசிக்கு, வெளியே எவ்வளவு வோல்ட் போகிறது என்றே தெரியாது. போதவில்லை என்று நினைத்து, வருவதை முழுசாகத் திறந்துவிடும். மூன்று வோல்ட் குடிக்கிற ஜிபிஎஸ் பன்னிரண்டைக் குடித்திருக்கிறது.

உப்புக்குப் பயந்து செய்த காரியம்தான் கெடுத்தது. ரபீக்கிடம் சொன்னபோது அவன் முகம் செத்துப்போனது. பாவமாக இருந்தது.

3. சுவரைப் பார்த்து

ஜிபிஎஸ்ஸைத் திறந்தேன். பேட்டரி உள்ளே வரும் வாசலில் ஒரு சின்னப் பாதுகாப்பு டயோடு ஷார்ட். பக்கத்தில் அரிசிக் குருணை அளவு ஃப்யூஸ், அதுவும் போயிருந்தது. இவை இரண்டும் உயிரை விட்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றாமலும் இருக்கலாம். உறுதி சொல்லமுடியாது என்றேன்.

"நான் அப்பவே காப்பி எடுத்து வைப்பம்னு சொன்னேன் மச்சான்" என்றான் ரபீக், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாலே, சொன்ன. ஏன், ஊருக்கே போஸ்டர் அடிச்சு ஒட்டுவமே."

பழைய போர்டுகளிலிருந்து டயோடும் ஃப்யூஸும் எடுத்துப் போட்டேன். சப்ளையை மூன்று வோல்ட்டில் வைத்து, கரண்ட்டைக் கட்டுப்படுத்தி, ஸ்விட்சை அழுத்தினேன். டேப்பின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது.

கனி பாய் வயரோடு அதை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். டேப்பை உரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பட்டன் சத்தம். ரபீக் என்னைப் பார்த்தான், நான் சால்டரிங் அயர்னைப் பார்த்தேன். பட்டன் சத்தம் நின்று, மறுபடி வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சுவரிடம். "எல்லாம் இருக்கு."

எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மாட்யூலிலிருந்து ப்ரீசெட்டைக் கழற்றி எறிந்தேன். அந்த இடத்தில் நானூற்று எழுபது ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். இந்த மாட்யூலுக்குக் கிட்டத்தட்ட சரியாக மூன்று வோல்ட் வரும், திருகவும் வழியில்லை, கழன்றுகொள்ளவும் வழியில்லை. வெளியே போகும் பக்கம் ஒரு ஃப்யூஸும், வோல்ட் எகிறினால் அந்த ஃப்யூஸை எரியவிடும் ஜீனர் டயோடும் சேர்த்தேன். பிள்ளைகளே, மேசையில் வைத்து விளையாடும்வரை ப்ரீசெட் இருக்கட்டும். வள்ளத்தில் ஏறும் எதிலும் திருகுகிற சாமான் இருக்கக்கூடாது. என் அனுபவத்தில் இதற்கு விலக்கே கிடையாது.

"பாய், இப்பவாச்சும் ஒரு காப்பி எடுத்து வைங்க. அடுத்த தடவை டயோடு தாங்குமான்னு தெரியாது" என்றேன். "நான் எடுக்கமாட்டேன். டேப் ஒட்டுன ஆளுக்கு நான் எடுத்துத் தரமாட்டேன்."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்ச நேரம் பெட்டியைக் கையில் புரட்டிக்கொண்டு இருந்தார். பிறகு அதை ரபீக்கிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள. ஒன் கம்ப்யூட்டர்ல ஏத்தி வையி."

ரபீக் கை நீட்டவே இல்லை. "நானா மச்சான்? எடுக்கும்போது எல்லா பாயிண்டும் கண்ணுல படுமே."

"படட்டும். நீதான் வள்ளம் கரையத் தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுக்குற ஆளாச்சே" என்றார் கனி பாய். டேப்பைச் சுருட்டி என் குப்பைக்கூடையில் போட்டார்.