சந்திரிகா முதல் வாய் சாப்பிட மாட்டாள்

ராயப்பேட்டையில் மீன் குழம்புக்குப் பேர் போன மெஸ் ஒன்று, போன வருஷம் ஒரே வாரத்தில் ஈயோட்டத் தொடங்கியது. குழம்பில் ஒரு குறையும் இல்லை. அதை வைத்து மெஸ்ஸை நடத்துகிறவள் சந்திரிகா. அவளுடைய அண்ணன் பாலகணேஷைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதுதான் காரணம். ஆஸ்பத்திரி வாசல்களில் காத்துக் கிடக்கும் பெண்களிடம் அக்கா, அம்மா என்று பேசிப் பழகி, டீயில் விஷம் கலந்து கொடுத்து, நகையைக் கழற்றிக்கொண்டு போனவன் அவன். நாலு பேர் செத்துப்போனார்கள்.

அதற்கப்புறம் மெஸ்ஸுக்கு வந்த ஒன்றிரண்டு பேரும் ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இலையில் சோறு விழுந்ததும் கை வைக்க மாட்டார்கள். "நீ மொதல்ல ஒரு வாய் சாப்டேன் சந்திரிகா" என்பார்கள், சிரித்துக்கொண்டே. என்ன சிரிப்போ, பாழாய்ப்போன சிரிப்பு! கொஞ்ச நாள் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுக் காட்டினாள்.

பிறகு ஒருநாள் ஜெயிலுக்குப் போய் அண்ணனைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்டிப் பண்ண? நகைக்கா?" என்று கேட்டாள்.

"நகை கெடக்குது. நான் யாருன்னே தெரியாது, குடுத்ததும் வாங்கிக் குடிச்சாங்க. ஒரு கேள்வி இல்ல. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றான் அவன்.

அவன்மேல் மிச்சம் இருந்த பாசமும் அந்த இடத்திலேயே அறுந்துபோனது. மறுநாளிலிருந்து அவள் யாருக்கும் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டவில்லை. நம்பினால் சாப்பிடு, இல்லாவிட்டால் எழுந்து போ என்றாள். எழுந்துதான் போனார்கள்.

கட்டடத்துக்காரர் ராஜரத்தினம் அண்ணாச்சி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மெஸ் தொடங்கின நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு இங்கேதான். கைதுக்குப் பிறகு வீட்டிலிருந்து கேரியர் வரவழைத்துக்கொண்டார். தொடர் கொலைகாரர்களின் கதைகளை யூடியூபில் சொல்லிப் பேர் வாங்கிய அடையாறு ராகேஷைக் கூட்டி வந்ததும் அவர்தான்.

"கேமரா முன்னால நீ ஒருவாட்டி அழுதுட்டேன்னா சனம் எரக்கப்பட்டு வரும்மா. இல்லைன்னா கடைய வேற ஆளுக்கு விட்டுருதேன். எனக்கும் வேற வழியில்ல" என்றார்.

ராகேஷ் ஏற்கெனவே ஒரு வீடியோ போட்டிருந்தான். அப்பாவின் பெல்ட்டும் பட்டினியும் சேர்ந்துதான் பாலகணேஷைக் கொலைகாரன் ஆக்கின என்று, பின்னால் வயலினை அழவிட்டுச் சொல்லியிருந்தான். அதையே தங்கச்சி வாயால் வாங்கத்தான் இப்போது வந்திருந்தான்.

"அப்பா ரொம்ப அடிப்பாராமே? எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்கக்கா."

"அடிச்சாரு. எனக்குத்தான் ஜாஸ்தி. பட்டினியும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அப்ப நான் எத்தினி பேரக் கொன்னுருக்கணும் தம்பி?"

ராகேஷ் நெளிந்தான். "எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகாதுக்கா. ஆனா பின்னணின்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

"கீது. அதே பின்னணியிலதான் நானும் கீறேன். உன் வீடியோவுல என்னிய எங்க வெச்ச?"

சந்திரிகா அவன் முன்னால் இலையைப் போட்டுச் சோறு வைத்து, வஞ்சிரத் துண்டோடு குழம்பை ஊற்றினாள். "சாப்டுட்டுப் பேசு" என்றாள்.

அவன் இலையைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். "நீங்க மொதல்ல ஒரு வாய் எடுத்துக்கங்கக்கா. வீடியோல பாக்கறவங்களுக்கும் நம்பிக்கை வரும்."

அண்ணாச்சி மூலையிலிருந்து, சாப்பிடு சாப்பிடு என்று கண்ணைக் காட்டினார். பதினாலு வருஷ மெஸ் ஒரே ஒரு வாய்ச் சோற்றில் தொங்கியது. அது அவளுக்கும் தெரியாமல் இல்லை.

"மாட்டேன்" என்றாள். "எங்கண்ணனுக்கு இன்னா புடிச்சிச்சு தெரியுமா? நம்பி வாங்குனாங்க பாரு, அது. அந்தப் பொம்பளைங்க இன்னா தப்பு பண்ணாங்க? உள்ள புள்ள சாவக் கெடக்கும்போது ஒருத்தன் டீ குடுத்தா குடிக்கிறதுதான். நான் துன்னு காட்டுனா, நம்பிக் குடிச்ச அவங்களதான் ஏமாளின்னு சொன்ன மாதிரி ஆவும். கடை போனாப் போவட்டும்."

அண்ணாச்சி எழுந்தார். ராகேஷின் இலையைத் தன் பக்கம் இழுத்து, உட்கார்ந்து, பிசையத் தொடங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்து விழுங்கினார்.

சந்திரிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கோபம் கோபம்தானே! "இம்மா நாளு எங்க போயிருந்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை. அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

அண்ணாச்சி ரசத்துக்கு வரும் வரை ராகேஷ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, எனக்கும் ஒரு இலை போடுங்க."

"அவரு துன்னதப் பாத்துட்டுக் கேக்குறியா?" என்றாள் சந்திரிகா. "உனக்குச் சோறு கெடையாது. கேமராவ எடுத்துக்கினு கெளம்பு."