ஒத்திகைக் குரல்

பாடும்போது யோகராணி கண்ணை மூடுவதில்லை. ஆடுகிற பிள்ளையின் கால்களையே பார்த்துக்கொண்டு பாடுவாள். கால் பிந்தினால் வரியை இழுத்துப் பிடிப்பாள். முந்தினால் செல்லமாக முறைப்பாள். பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நடன ஆசிரியை வாடகைக்கு எடுத்திருக்கும் நிலக்கீழ் அறையில் ஞாயிறு தவறாமல் நடப்பது இதுதான். வலது கை தொடையில் தாளம் போடும். இடது கையில் பனங்கற்கண்டு கரைத்த சுடுதண்ணிப் போத்தல் இருக்கும். அதை யாருக்கும் ஒரு மிடறுகூடக் கொடுக்கமாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் சுத்தக் கஞ்சம்.

மற்ற நாட்களில் புடவைக் கடையில் வேலை. வீடிருக்கும் திரான்சியில் ரயில் ஏறியதிலிருந்து கார் து நோர் நிலையத்தில் இறங்கும்வரை உதடு முணுமுணுத்தபடியே இருக்கும். எதிரே இருப்பவர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துச் சற்றுத் தள்ளியே உட்காருவார்கள். பிள்ளைகள் வீட்டில் ஆடிப் பழகுவதற்கென்று பாட்டுகளைப் பாடி அலைபேசியில் அனுப்பி வைப்பாள். இந்தப் பக்கத்தில் பரதம் பழகும் எந்தப் பிள்ளையின் அலைபேசியைத் திறந்தாலும் அவள் குரல் இருக்கும். மேடையில்தான் இல்லை.

ஏனென்றால் அரங்கேற்றம் என்றால் பாட்டுக்காரர் சென்னையிலிருந்து வரவேண்டும். அது இங்கே எழுதாத சட்டம். அழைப்பிதழில் ‘இந்தியாவிலிருந்து வருகை தரும்’ என்ற வரி இல்லாவிட்டால் அரங்கேற்றம் வைக்கும் வீட்டுக்காரருக்குத் தலை நிமிராது. மாதக்கணக்காக ஒத்திகைக்குப் பாடித் தொண்டை வற்றுகிறவள் யோகராணி. விமானத்தில் வந்திறங்கி மேடையேறுகிறவர் வேறு ஆள். இதற்காக அவள் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. “அது அப்பிடித்தானே, விடுங்கோ” என்பாள். சொல்லிவிட்டு மனதுக்குள் ஓர் ஆசையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். தன் மகள் சுபாங்கியின் அரங்கேற்றத்துக்குத் தானே பாடவேண்டும். அந்த ஒரு மேடை போதும் அவளுக்கு.

கணவர் மகேந்திரராசா சாப்பாட்டு மேசையில் வைத்தே அந்த ஆசைக்கு முடிவு கட்டினார். கெட்ட மனிதர் இல்லை. சனத்தின் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

“இஞ்சாரும், நீர் பாடினால், ஆள் கூப்பிட வக்கில்லாமல் பெண்சாதியைப் பாட விட்டிட்டான் எண்டு சனம் கதைக்கும்.”

யோகராணி மகளைப் பார்த்தாள். சுபாங்கி தட்டிலிருந்து தலை எடுக்காமல் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அம்மா பாடினால் எப்போதும்போலப் பயிற்சி என்றுதான் தோன்றுமாம். அரங்கேற்றம் என்ற எண்ணமே வராதாம். பிள்ளை பொய் சொல்லவில்லை. அதுதான் யோகராணியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது. “ஓம்” என்றாள். எழுந்து போய்ச் சோறு கொண்டுவந்தாள்.

அதற்காக ஒத்திகை நின்றுவிடுமா? ஞாயிறு வந்தால் பாடத்தான் வேண்டும். சென்னைப் பாடகர் தொலைபேசியில் மிக அன்பாகவே பேசினார். “நீங்க பாடினதை அனுப்பிடுங்கம்மா, ஃபிளைட்ல கேட்டுக்கறேன். குழந்தை அதுக்குத்தானே ஆடிப் பழகியிருக்கா” என்றார். பழைய பதிவுகளில் இரைச்சல் இருக்கிறதென்று, யோகராணி எல்லாவற்றையும் முதலிலிருந்து புதிதாகப் பாடி அனுப்பினாள். அதன்பிறகு ரயிலில் அவள் வாய் திறக்கவில்லை.

அரங்கேற்றம் பொபினியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நல்ல கூட்டம். பாடகர் நன்றாகவே பாடினார்; குறை சொல்ல முடியாது. யோகராணி நிறுத்துகிற இடத்தில் அவரும் நிறுத்தினார். வர்ணத்தில் சுபாங்கியின் கால் வழக்கமாகப் பிந்துகிற இடத்தில் அவரும் வரியை இழுத்துப் பிடித்தார். முன்வரிசையில் இருந்த யோகராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண், மகளின் ஆட்டத்தைப் பார்த்துப் பூரித்து அழுகிறாள் என்று எண்ணி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் பொன்னாடை. பாடகரைக் கௌரவிக்கப் பிள்ளையின் தாயார் மேடைக்கு வரவும் என்று அறிவித்தார்கள். யோகராணி சால்வையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவசரமாகப் படியேறினாள். பாடகர் அறிவிப்பாளரின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்து, தலை குனிந்து நின்றார். அது அணைக்கப்படவில்லை. அவள் கிட்டப் போனதும், படியேறி வந்த மூச்சு மண்டபம் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. சனம் நிமிர்ந்து பார்த்தது. யோகராணி வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, சால்வையை அவர் தோளில் போர்த்தினாள்.