நூறு வந்தால் நூற்று நாற்பது

பக்கத்து வீட்டு வங்கி அதிகாரி போன வாரம் ஒரு சுரங்கக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதில் பங்கு வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்! மாத்திரைச் சீட்டையே மூக்கோடு ஒட்டி வைத்துப் படிக்கிற ஆளிடம். வழவழப்பான தாள், சிரிக்கிற தலைவர், பச்சை மரங்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இரண்டே எண்களைத் தேடினேன். தோண்டி விற்றதில் கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவு, குழிக்கும் இயந்திரத்துக்கும் புதிதாகப் போட்ட முதல் எவ்வளவு. வந்தது போட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. "வாங்கலாம் போலிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் மூக்கில் கல்தூள் வாசனை. தாளில் ஏது கல்தூள்? எல்லாம் எனக்குள்ளிருந்து வந்ததுதான்.

அது எப்படிப்பட்ட வாசனை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த சுவரில் முதல் தூறல் விழும்போது முகர்ந்திருக்கிறீர்களா, கிட்டத்தட்ட அதுதான். யுத்த காலத்தில் தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஆபீஸ் முழுக்க அந்த வாசனை. வேம்பார் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சுண்ணாம்புக்கல் குழி. அங்கிருந்து வண்டிகளில் வரும் கல், கடற்கரைக் கொட்டகையில் உடைபட்டுத் தோணியில் ஏறும். கொட்டகையின் ஓரத்தில் எங்கள் ஆபீஸ். வெளியே கருவாடு, உள்ளே கல்தூள். தும்மலும் பசியும் ஒரே நேரத்தில் வரும் இடம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. மிஷன் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தவன் என்பதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த வயது. யாரும் கேட்கவில்லை.

முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். பலசரக்குக் கடையிலிருந்து வளர்ந்தவர். ஆத்தூர் வெற்றிலையை மென்றுகொண்டே பேரேட்டைப் புரட்டுவார். பல பக்கங்களில் அவருடைய சிவப்புப் பொட்டு இருக்கும். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல் விழுந்து ஒருவன் காலை நசுக்கியபோது, அவனைத் தன் வில்வண்டியில் ஏற்றித் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்.

யுத்தத்தில் கட்டட வேலைகளுக்குக் கல் கேட்டு ஆர்டர் குவிந்தது. அண்ணாச்சிக்குக் குழியின் மேல் பித்துப் பிடித்தது. முதலில் ஊற்றுத்தண்ணீர் இறைக்க ஒரு பழைய பம்பு வாங்கினார். அப்புறம் கல் உடைக்கும் மிஷின். அப்புறம் குழியிலிருந்து சாலை வரைக்கும் தண்டவாளம். ஒவ்வொன்றுக்கும் நான்தான் செக் எழுதினேன். எழுதி எழுதி ஒருநாள் சந்தேகம் வந்தது. மூன்று வருஷப் பேரேடுகளையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். கூலியும் வண்டி வாடகையும் போகத் தொழில் தருகிற ரொக்கம் நூறு ரூபாய் என்றால், குழிக்குள் போவது நூற்று நாற்பதாக இருந்தது. மூன்று வருஷமும் அப்படியே. மேற்கொண்டு போன நாற்பது, ஊர்க்காரர்கள் வட்டிக்குப் போட்டு வைத்த டெபாசிட் பணம்.

அதில் என் அக்காவின் பணமும் இருந்தது. அக்கா பள்ளிக்கூடத்து டீச்சர். அத்தான் இறந்த பிறகு அவருடைய பனைவிளை நிலத்தை விற்று, மகள் எஸ்தரின் படிப்புக்கு என்று கொண்டுவந்து போட்டிருந்தாள். நான் வேலை பார்க்கிற இடம் என்ற ஒரே நம்பிக்கையில்.

கணக்கை ஒரு தாளில் எழுதி அண்ணாச்சி முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தார்.

"கூட்டல் சரிதாம்ல. இப்ப என்ன செய்யணும்ங்குத?"

"இனிமே மிஷின் வாங்கண்டாம் அண்ணாச்சி. வாரதுக்குள்ள செலவழிப்போம்."

"சண்டை முடிஞ்சா ஊரெல்லாம் வீடு கெட்டுவான். அன்னைக்கு நம்மகிட்ட ஆழமான குழி இருக்கணும்லா? சரி, பம்பு ரிப்பேர எதுல எழுதுத?"

"செலவுல."

"அது சொத்துல்லாலே. தண்டவாளம் போட்ட ஆளுகளோட அத்தனை கூலியும் சொத்துதான். அதுல எழுது."

ரிப்பேரையும், தண்டவாளத்தின் பேரைச் சொல்லிக் கல் வெட்டின கூலியில் பாதியையும் சொத்தாக எழுதினேன். உடனே செலவு குறைந்து, லாபம் கொழுத்தது. டெபாசிட் போட்டவர்கள் லாபத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்த மாதம் என் சம்பளம் பத்து ரூபாய் ஏறியது. அதில் ஒரு பவுண்டன் பேனா வாங்கினேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வரும் வழியில் அக்கா கேட்டாள்.

"ஏலே தம்பி, கம்பெனி நல்லாருக்கா? எஸ்தருக்கு காலேஜ்ல எடம் கெடைச்சிரும் போல. ரூவாய இப்பமே எடுத்திரட்டா?"

எடு என்ற ஒரு சொல் போதும். ஆனால் கணக்கப்பிள்ளையின் அக்காவே பணத்தை எடுக்கிறாள் என்று தெரிந்தால், மறுநாளே ஊர் முழுக்க வாசலில் வந்து நிற்கும். குழியை நம்பி இருக்கும் குடும்பங்கள் என்ன ஆகும் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக அந்தக் குடும்பங்களைத்தான் சாக்காகச் சொல்லி வருகிறேன். என் வேலையையும் நினைத்தேன். அதுதான் முதலில் வந்தது.

"இருக்கட்டும்க்கா. வட்டி வருதுல்லா" என்றேன்.

சண்டை முடிந்தது. வீடு கட்ட யாரும் வரவில்லை. வந்த ஆர்டர்களும் நின்றன. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. பம்பு இரண்டு நாள் முக்கி முனகி நின்றுபோனது. அதைச் சரிசெய்ய ரொக்கம் இல்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது மிஷின், தண்டவாளம், ஏணி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தண்ணீர் வெள்ளை வெளேரென்று நின்றது. நான் சொத்து என்று எழுதிய அத்தனையும் அதற்கு அடியில். கரையில் ஆட்கள் சம்மட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சி ஓடவில்லை. வீட்டை விற்றார், கடையை விற்றார், கொடுத்தார். ரூபாய்க்கு இரண்டணா கூடத் தேறவில்லை. மறு வருஷம் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சில்லாமல் கொஞ்ச காலம் கிடந்து இறந்தார். எஸ்தர் காலேஜுக்குப் போகவில்லை. நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருஷத்தில் இருமல் வந்தது. அவளைப் புதைத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அவளுடைய நாற்பதாம் நாள் கழிந்த ஒரு மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றை வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமாலே?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் முடியவில்லை. "தெரியும்க்கா" என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்க் குழம்புச் சட்டியை எடுத்து வந்தாள். "ஊத்திக்கிடுங்க" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்தாள். போனால் வாங்க என்பாள், புறப்பட்டால் போயிட்டு வாங்க என்பாள். ஒரு குறையும் வைத்ததில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. குழியில் குப்பை கொட்டி மேடாக்கிவிட்டார்கள். என்னை ஏலே என்று கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். அவள் சாகும்வரை கூப்பிடவில்லை.